ஓலைக் கனத்துக்கு ஓர் இடைவெளி

"தள்ளி நில்லு மேஸ்திரி! உன் கையில கீற சொம்புத் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் அடுப்பு வெடிச்சிடும்."

கன்னியம்மா தலை நிமிராமலே சொன்னாள். புதிதாகச் செய்த எந்த மண்ணடுப்பையும் அவள் உடனே விற்பதில்லை. விடியற்காலையில் உமியை இட்டு மெல்லப் புகையவிடுவாள். வெயில் ஏறியதும் வறட்டி, உச்சிப்பொழுதில் விறகு. நடுநடுவே புறங்கையால் அதன் சுவரைத் தடவிப் பார்ப்பாள். தானாக ஆறிய பின்னும் கீறல் விழாத அடுப்புதான் திருவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போகும். ஆறு மாதமாக அதுவே அவள் பிழைப்பு.

கோதண்டம் மேஸ்திரி சொம்பைக் கீழே வைத்தான். பாடியில் இருந்த பித்தளை வார்ப்படச் சாலையில் உலை கட்டும் வேலைக்கு அவன்தான் தலைவன். கன்னியம்மா அங்கே சித்தாளாகச் சேர்ந்து, கல் அடுக்கவும் தேறியவள். யுத்தத்தால் சீமைத் தீச்செங்கல் வரவு நின்று, ஒவ்வொரு கல்லையும் எண்ணிக் கொடுத்த காலம் அது. அவள் அடுக்கிய வரிசைகளில் பனையோலைத் துண்டுகள் செருகியிருந்ததை ஒருநாள் யாரோ காட்டிக்கொடுக்க, "ஓலைய அடைச்சிட்டு மிச்சக் கல்லத் திருடிட்டா!" என்று நாற்பது பேர் நடுவே கூவியவன் கோதண்டம். அன்று புறப்பட்டு வந்தவள், அதன்பிறகு பாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்தே மேஸ்திரி?"

"அப்பால நான் கட்டின உலை ரெண்டும் வாயப் பொளந்துகினு கீது. ஆவடிப் பட்டாளத்துக்குச் சாமான் போவணும். இந்த மாசம் போவலன்னா மொத்தமா மூடிடுவேன்றாரு புது மானேஜரு."

"நான் கட்டினது?"

கோதண்டம் தரையைப் பார்த்தான். "எழுவது தபா கொளுத்தியாச்சு. ஒரு கீறல் இல்ல. ஆனா அது ஒண்ணு மட்டும் பத்துமா?"

கன்னியம்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"நீ எப்டிக் கட்டினே மேஸ்திரி?"

"ஊசி நுழையாது. அவ்ளோ இறுக்கம்!"

"அதான் பொளந்துகிச்சு. தண்டவாளத்துக்கு நடுவுல இடம் வுட்டு வெச்சிருக்கானே வெள்ளக்காரன், அவனுக்கு இரும்பு வாங்க வக்கில்லாமயா? சூடு ஏறினா கல்லு பூரிக்கும். பூரிக்க இடமில்லன்னா ஒண்ண ஒண்ணு முட்டிகினு ஒடையும். ஆறு கல்லுக்கு ஒரு ஓலை வெச்சா, மொத நெருப்புல ஓலை எரிஞ்சு, அந்தக் கனத்துக்கு இடம் வுட்டுட்டுப் போயிடும். சரி, செவுத்துக்குப் பின்னால இன்னா கொட்டினே?"

"ஆத்து மணலு."

"கிழிஞ்சுது! மணலு சூட்ட வெளிய இஸ்துகினு போவுமே. உமிச் சாம்பலப் போட்டாத்தான் சூடு உள்ளயே நிக்கும். கட்டின அன்னிக்கே கரியப் போட்டுக் கொளுத்தியிருப்பியே?"

"அவசரமாச்சே..."

"ஈரத்தை மெதுவா வெளிய வுடணும். ரெண்டு நாளு உமித் தீ, அப்பாலதான் கரி."

கோதண்டம் பெருமூச்செறிந்தான். "நீயே வந்து கட்டிக் குடு கன்னிம்மா. அதுக்காவ மூச்சுக்கு மூச்சு மேஸ்திரி, மேஸ்திரின்னு குத்தாத."

"நீ சொன்ன சொல்லுக்கு, அந்தப் பேரே அதிகம். எங்க நின்னு திருடின்னியோ அங்கயே நின்னு, அதே நாப்பது பேரு காதுல வுழற மாதிரி, இல்லன்னு சொல்லு. வந்து கட்டறேன். இல்லன்னா, எனக்கு என் அடுப்பு போதும்."

மறுநாள் காலை, வார்ப்படச் சாலை முற்றத்தில் வேலையாட்கள் அத்தனை பேரும் கூடியிருந்தனர். கோதண்டம் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"கன்னிம்மா ஒரு கல்லுகூடத் திருடல! உலை ஒடையாம இருக்கத்தான் ஓலை வெச்சா. அவளுக்குத் தெரிஞ்ச வேலை எனக்குத் தெரியல. திருடின்னு நான் சொன்னது பொய்யி!"

ஆறு மாதத்துக்கு முன்பு அதே முற்றத்தைக் குனிந்த தலையோடு கடந்து போனவள், இப்போது ஒவ்வொரு முகமாக நேருக்கு நேர் பார்த்தாள்.

வேலைக்கு வந்து பதினைந்தே நாளான மானேஜர் ஜானகிராமனுக்குக் கோபம் தணியவில்லை. "இவ்வளவு வேலை தெரிந்தவளை ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஏனய்யா துரத்தினாய்?"

"விசாரிச்சிருந்தா, கட்டின பொண்டாட்டிக்குப் பரிஞ்சுகினு வர்றான்னு இவங்கல்லாம் பேசுவாங்கன்னு பயந்துட்டேன் சார்," என்ற கோதண்டம், சாந்து பூசும் தன் கரணையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, சித்தாள் சுமக்கும் சாந்துச் சட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.