எல்லாரும் கண்ணை மூடுங்க

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் சூசன் டீச்சரின் இங்கிலீஷ் டியூஷனுக்குப் பெரிய தொல்லையே அவருடைய கணவர் கிரிகரிதான்.

மகளை டியூஷனிலிருந்து நிறுத்திவிடும் முடிவோடுதான் மலர்விழி அன்றைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

புத்தகத்தைக் காட்டி ஒரு மாணவி கேட்டாள். "டீச்சர், 'மிஸ்பிளேஸ்'னா என்ன? எப்படி வாக்கியத்துல போடறது?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கிரிகரி உள்ளே ஓடி வந்தார்.

"ஐயோ, என் சாவியைக் காணோம்லா! எல்லாரும் கண்ணை மூடி அந்தோனியார்கிட்ட கேளுங்க."

காணாமல் போனதை அந்தோனியார் தேடித் தருவார் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. இருக்கட்டும், அதற்காக ஒவ்வொரு வகுப்பிலுமா?

மலர்விழிக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிள், போன வாரம் கண்ணாடி, அதுக்கு முன்னாடி ஹேண்ட்போன். பிள்ளைங்க படிக்க வேணாமா? நாளையிலேர்ந்து என் மகள் வர மாட்டா."

"சோரிமா. வயசாயிடுச்சு. இந்த ஒரு தடவை மட்டும்."

பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். மலர்விழி மூடவில்லை. கோபம்.

சாவி கிரிகரியின் சட்டைப் பையிலேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அவசரமாக ஒரு தாளில் எழுதி, மனைவியின் கையில் திணித்தார்.

மலர்விழி எழுந்து போய்ப் பார்த்தாள். 'மிஸ்பிளேஸ்: வைத்த இடத்தை மறந்துவிடுவது' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே ஓர் இங்கிலீஷ் வாக்கியம்.

அவள் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

மாட்டிக்கொண்ட கிரிகரி கை கூப்பினார். "இவளுக்கு எல்லாம் மறந்துபோகுதும்மா. டாக்டர் பார்த்துட்டாரு, மருந்து இல்லையாம்," என்றார் மெதுவாக. "பிள்ளைங்க வர்ற இந்த ஒரு மணி நேரந்தான்மா இவ சிரிக்கிறா. நிப்பாட்டிடாதம்மா."

டீச்சர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். பிறகு கணவரின் காதருகே குனிந்தார்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு? எனக்கு வாசிக்க வரலையே."

இதுவரை வாசிக்க மட்டுமாவது வந்துகொண்டிருந்தது போலும். கிரிகரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அங்கிள், சாவி கிடைச்சிருச்சா?" ஒரு பிள்ளை லேசாகக் கண்ணைத் திறக்கப் பார்த்தது.

மலர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே பதில் சொன்னாள்.

"இன்னும் கிடைக்கலலா, யாரும் கண்ணைத் திறக்காதீங்க."