அன்னமக்காவின்ரை சீற்று

பிள்ளையள், எல்லாரும் சுகமா இருக்கிறியளே? இஞ்சை வேலணையிலை மழை இப்பதான் விட்டிருக்கு. பக்கத்து வீட்டுப் பரமலிங்கண்ணை கதிரையிலை ஏறி நிண்டு, தன்ரை பழைய மொறிஸ் காரின்ரை ஓட்டை விழுந்த துணிக்கூரையைத் தைக்கிறார். தையலுக்கு மேலை மெழுகுதிரி தேய்க்கிறார். அந்த ஓட்டைக்குக் கீழை இருக்கிற சீற்றிலை, மழையெண்டா குடை பிடிச்சுக்கொண்டுதான் அவரின்ரை மனுசி அன்னமக்கா எந்த நாளும் கோயிலுக்குப் போறவ. "நாளைக்குத் தைப்பம்" எண்டு இவர் சொல்லிக்கொண்டே இருந்தவர். போன கிழமை அவ காலமாப்போட்டா. நாளைக்குச் சாம்பல் முட்டியை அந்தச் சீற்றிலை வைச்சுக் கீரிமலைக்குக் கொண்டுபோறார். "கடலிலை கரைக்கப்போற சாம்பல்தானே அண்ணை, ஏன் கிடந்து மாயிறியள்?" எண்டு கேக்கிறன். "கடலிலை நனையட்டும் தங்கச்சி. என்ரை காரிலை அவள் இனி நனையக்கூடாது." கூரையிலை ஒரு வாளி தண்ணியை ஊத்திப்போட்டு, உள்ளை குனிஞ்சு சீற்றைத் தடவிப் பாக்கிறார். கை ஈரமாத்தான் வருது. ஊசியிலை திரும்பவும் நூல் கோக்கிறார். நான் கதிரையைப் பிடிக்கிறன். உங்கடை பக்கமும் இப்பிடிப் பிந்தித் தைச்ச ஆக்கள் இருந்தா எழுதுங்கோ பிள்ளையள்.