கடை வாசலில் முந்நூறு பேர்

"உங்க கடை வாசல்ல மட்டும் முந்நூறு பேர்!" என்றார் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்த பக்தவச்சலம். சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில், மற்றதையெல்லாம் விட உயரமாக நின்ற சிவப்புக் கட்டத்தைக் குச்சியால் தட்டினார். "கடைத்தெருவிலேயே நீங்கதான் ஃபர்ஸ்ட், மிஸ்டர் உபைத்."

பேரூராட்சிக் கூட்ட அறையில் சிரிப்பு கிளம்பியது. உபைத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அவன் ஜவுளிக் கடையில் விற்றது ஒரே ஒரு கைலி. கடைக்குப் பின்கட்டிலிருந்த வீட்டில் அவன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், சாயம் போகிறதென்று அதையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"ஏம்பா உபைத், முந்நூறு பேரை எங்கப்பா ஒளிச்சி வச்சிருக்க? எங்க கடைக்கும் ஒரு பத்து பேரை அனுப்பி வையேன்" என்றார் கலியமூர்த்தி. உப்பளமும் மளிகைக் கடையும் வைத்திருந்த அவர்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர்.

திண்டிவனம் சாலை முனையில் புது நிறுத்தம் வந்ததிலிருந்து மரக்காணம் கடைத்தெரு ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பாதி பஸ்கள் தெருவுக்குள் வராமல் அப்படியே திரும்பிப் போய்விட்டன. மெட்ராஸிலிருந்து விவரம் தெரிந்த ஒரு கம்பெனியை வரவழைத்து, தெருவைப் பிழைக்க வைக்க வழி கேட்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கியவர் உபைத்தின் அத்தா பக்கீர் முஹம்மது.

"நம்ம சொன்னா எந்த ஆபீசர் கேக்குறான்? கோட்டு போட்டவன் சொன்னா கேப்பான்" என்பார். பேரூராட்சி ஒத்துக்கொண்ட அன்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். சங்கத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் இப்போது உபைத்.

கம்பெனி ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் என்றோ ஒருநாள் வந்து, ஏதோ ஒரு மாடியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டு போயிருந்தார்கள். எந்தக் கடைப் படியும் ஏறவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறிக்கை மட்டும் தடியாக வந்திருந்தது.

"ஆக, இந்தத் தெருவுக்கு ஜனங்க நடந்தே வர்றாங்க" என்றார் பக்தவச்சலம். "பஸ் உள்ள வரணும்னு அவசியமே இல்ல. எல்லாத்தையும் முனையிலேயே நிறுத்திடலாம்னு எழுதியிருக்கோம்."

உபைத் எழுந்துவிட்டான். "பஸ் நின்னா தெரு செத்துடும் சார். எக்கியார்குப்பத்துப் பொம்பளைங்க முனையில எறங்கி, இந்த வெயில்ல கைக்கொழந்தையோட இம்மாந்தூரம் நடந்து வந்தா ஜாக்கெட் துணி எடுப்பாங்க? அடுத்த பஸ்ஸப் புடிச்சி பாண்டிக்குப் போயிடுவாங்க."

"பொம்பளைங்களா? எண்ணினதுல முக்காவாசிக்கு மேல ஆம்பளைங்க, மிஸ்டர் உபைத். ஜாக்கெட் துணிய விட்டுட்டு வேட்டி சட்டையா வாங்கி அடுக்குங்க. அதையும் எழுதியிருக்கோம்."

"ஜவுளிக் கடைக்கு ஆம்பள தனியா வந்து நான் பாத்ததே இல்ல சார். பொண்டாட்டி பின்னால பையத் தூக்கிக்கிட்டு வருவான்."

மறுபடியும் சிரிப்பு. போன மாதம்தான் மாற்றலாகி வந்திருந்த நிர்வாக அதிகாரி சிரிக்கவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். "இந்தக் கம்பெனிய வைக்கச் சொல்லி மனு கொடுத்ததே உங்க அப்பாதானாமே. இப்ப அவங்க சொல்றது பிடிக்கலன்னா எப்படிங்க?"

உபைத் அந்தப் பேனாவைப் பார்த்தான். கையெழுத்து விழுந்துவிட்டால் கடை இல்லை. அப்புறம் இருப்பது துபாய் விசா ஒன்றுதான். பிள்ளை கடல் தாண்டக் கூடாது என்பதற்காகவே அத்தா கட்டிக் காத்த கடை அது.

"பொய்க் கணக்கு சார்!" என்று கத்திவிட்டான். "ரம்ஜானுக்குக்கூட எங்க வாசல்ல முப்பது பேர் சேந்தாப்ல நின்னதில்ல."

"டேய், உக்காருடா. கத்துனா ஆவுமா?" என்று கலியமூர்த்தி அவன் கையைப் பிடித்தார்.

பக்தவச்சலம் கோபப்படவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோவை உருவி நீட்டினார். "எங்க ஆளுங்க எண்ணும்போதே எடுத்தது. இதையும் பொய்னு சொல்வீங்களா?"

உபைத் வாங்கிப் பார்த்தான். தெரு கொள்ளாத தலைகள். அவன் கடை வாசலில் தொடங்கி, ஒருவர் பாக்கியில்லாமல் பள்ளிவாசல் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் பை இல்லை.

"பாத்தீங்களா? நெரிசல் தாங்காம கடைக்காரங்க பாதிக் கதவைச் சாத்தி வச்சிருக்காங்க" என்று விளக்கினார் பக்தவச்சலம்.

உபைத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கலியமூர்த்தியின் முகம் மாறியது. போட்டோவில் அவரும் இருந்தார், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. பிடித்திருந்த கையை மெல்ல விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

உபைத் போட்டோவை நிர்வாக அதிகாரியின் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தான். இப்போது அவன் குரலில் சத்தமே இல்லை.

"எங்க அத்தா மையத்த அடக்கம் பண்ண வந்தவங்க சார், இவங்க."