ஏழாவது பேச்சாளர்

"ஏழாவது பேர் யாரு? நம்ம ஆளா?"

பேரவை மண்டபத்தின் கதவில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்துக் கேட்டாள் திர்சா.

அன்று மாலை நான்கு மணிக்கு மாணவர் பேரவையில் விவாதம். இஸ்ரேலோடு தொடர்புள்ள கம்பெனிகளில் போட்ட முதலீட்டைப் பல்கலைக்கழகம் திரும்பப் பெற வேண்டும் என்பது தீர்மானம். அதை எதிர்க்கும் யூத மாணவர்களுக்குத் திர்சாதான் தலைவி. வேறு கல்லூரியிலிருந்து இந்த வருடம்தான் வந்து சேர்ந்தவள். 'எதிர்த்துப் பேசுவோர்' பட்டியலில் அவள் கொடுத்தது ஆறு பேர்தான்.

உடன் வந்த யோவேல் குனிந்து படித்தான்.

"நப்தலி ஸெலிக்... நம்ம சங்கத்து ஹால்ல ஒரு போட்டோ மாட்டியிருக்கே, பக்கத்துல சின்ன விளக்கோட. அவன்தான்."

"செத்துப்போனவனா?"

"மூணு வருஷம் ஆச்சு. போன வருஷம் இதே விவாதத்துக்கு நான் போகல. ஆனா தாள்ல இதே பேர் இருந்துச்சு. யாரோ தெரியாம எழுதிட்டாங்கன்னு நினைச்சேன்."

"தெரியாமயா? கிண்டல்டா இது! நம்ம வீட்டுச் சாவு அவங்களுக்கு விளையாட்டாப் போச்சு."

பையிலிருந்து ரப்பரை எடுத்து, அந்தப் பெயரைத் தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்து அழித்தாள்.

காபி வாங்கிக்கொண்டு அவர்கள் திரும்பி வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நடைவழியில் ஆள் அரவமே இல்லை. அவர்களுடைய ஈரக் காலடித் தடங்களைத் தவிர வேறு தடமும் இல்லை.

அழித்த இடத்திலேயே, அதே சாய்ந்த பென்சில் எழுத்தில், நப்தலி ஸெலிக்.

"யோவேல்... எனக்கு முதுகு சில்லிடுது."

"விடு. இன்னொரு தடவை அழிக்காதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். தீர்மானத்தை ஆதரித்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். திர்சாவின் ஆட்கள் ஆறு பேரும் பேசி முடித்தார்கள். பிறகு தலைவர் இருக்கையில் இருந்த பெண் தாளைப் பார்த்தாள்.

"அடுத்து, நப்தலி ஸெலிக். ரெண்டு நிமிஷம்."

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. சுவரிலிருந்த கடிகாரம் இரண்டு நிமிடத்திலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.

யாரும் வரவில்லை.

இருமல்கூடக் கேட்கவில்லை. இதுவரை மேசையைத் தட்டிய எதிர்வரிசைகூடத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. காலி மைக்கிலிருந்து, யாரோ மூச்சை இழுத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கப்போவது போல, மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது.

இன்னும் நாற்பது விநாடி. திர்சாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"போதும் நிறுத்துங்க! இந்தப் பேரை எழுதினது யாரு? செத்தவனை வச்சு வேடிக்கை காட்டறது யாரு? தைரியம் இருந்தா எழுந்திருங்க!"

பேரவைத் தலைவி அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை.

"உட்காருங்க, திர்சா. அவர் நேரம் இன்னும் முடியல."

திர்சா உட்கார்ந்தாள். யோவேல் அவள் கையைப் பற்றிக்கொண்டான்.

கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது.

"நன்றி, நப்தலி" என்றாள் பேரவைத் தலைவி. சிவப்பு விளக்கு அணைந்தது.

அப்போதுதான் எதிர்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். ரனீம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவள். காசாவில் குண்டு விழுந்து மாமா குடும்பத்தையே பறிகொடுத்தவள்.

"வருஷா வருஷம் எழுதறது நான்தான். நீ அழிச்சதும் உள்ளேயிருந்து வந்து மறுபடி எழுதினதும் நான்தான்."

"ஏன்?" என்றாள் திர்சா.

"நான் முதல்முதலா இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தப்போ, எதிர்த்துப் பேசப் பேர் கொடுத்தது அவன் ஒருத்தன்தான். 'லீவுக்கு இஸ்ரேல் போய், அஷ்கெலோன்ல அக்காவைப் பார்த்துட்டு வந்து உன்னைத் தோக்கடிக்கிறேன் பாரு'ன்னு சிரிச்சுட்டுப் போனான். அங்கே ராக்கெட் விழுந்துடுச்சு." ரனீம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தினமும் என்னோட சண்டை போட்டவன். இங்கே எனக்கு இருந்த ஒரே சிநேகிதன்."