உண்மையான பேரில் ஒரு பார்சல்

“ஜூலி யாரும்மா இந்த வீட்டுல?”

பார்சலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆம்புரோஸ் கேட்டார். மருமகள் ஷெரிலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மாட்டாரே! சனிக்கிழமை சாயங்காலம், குனோங் ராபாட்டில் அவர் வீட்டில் அன்பியக் கூட்டம். செபத்துக்கு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

“நான்தான் மாமா. சப்பாத்து வாங்கினேன்.”

“போன வாரம் ரோஸின்னு வந்துச்சு. அதுக்கு முந்தி மேரி லிம். அவங்கல்லாம் யாரு?”

“அவங்களும் நான்தான்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆம்புரோஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

“பாத்தீங்களா? ஆன்லைன்ல சாமான் வாங்கப் பொய்ப் பேரு, பொய்ப் பொறந்த நாளு! ஒரு கடைக்காரன் இவளுக்கு எழுபது வயசுன்னு நெனச்சு வாழ்த்து அட்டையே அனுப்பிட்டான்! பொய் சாட்சி சொல்லாதேன்னு கட்டளை இருக்கா இல்லையா?”

“நான் எங்க மாமா சாட்சி சொன்னேன்? சப்பாத்துதானே வாங்கினேன்.”

“எதிர்த்துப் பேசாதே!”

“பேசுவேன். சப்பாத்துக்கு என் கால் அளவு வேணும், சரி. பொறந்த நாளு எதுக்கு? அடையாளக் கார்டு, அந்த ஐ.சி. நம்பர் எதுக்கு? கல்யாணம் ஆச்சா, பிள்ளைங்க எத்தனை, சம்பளம் எவ்வளவு… பொண்ணு பாக்க வந்தப்ப உங்க மகன்கூட இவ்வளவு கேக்கலயே!”

செபத்துக்கு வந்திருந்த விவியன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு தடவை எல்லாத்தையும் ஒழுங்காத்தான் கொடுத்தேன். அப்புறம் எவனோ போலீஸ்னு சொல்லிப் போன் பண்ணி, என் ஐ.சி. நம்பரை என்கிட்டயே ஒப்பிக்கிறான்! அன்னைக்கு முடிவு பண்ணேன். கேக்க உரிமை இல்லாதவனுக்கு உண்மை கிடையாது.”

“முப்பது வருஷம் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா இருந்தவன் நான். தினம் காலையில பெரட்டுல நின்னு ஆளுங்க பேரைக் கூப்பிடுவேன். பேரு ஒண்ணு, ஆளு ஒண்ணுன்னு இருந்ததே கிடையாது!”

“ஏண்ணே இல்லாம?” என்றாள் மூலையிலிருந்து, அதே தோட்டத்தில் வளர்ந்த இருதயமேரி. “எங்கம்மா வியாகுலமேரி. கடைசி வரைக்கும் வீரம்மான்னுதானே கூப்பிட்டீங்க.”

“அது எனக்கு முந்தின கிராணி எழுதி வச்சது!”

இப்போது எல்லாருமே சிரித்தார்கள். அவருக்கு அது இன்னும் ரோஷத்தைக் கிளப்பியது.

“இதப் பாரும்மா. கோவில்ல வாசகம் வாசிக்கிறவன் வீடு இது. எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. இனிமே இங்க வாரது எல்லாம் உண்மையான பேருல வரணும். இல்லாட்டி கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவேன்.”

“அனுப்புங்க. நான் மாத்தமாட்டேன்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் ஹாரன்.

“ஷெரில்! பார்சல்!”

ஆம்புரோஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “அட, சொந்தப் பேரு! புத்தி வந்துருச்சு போலிருக்கு.”

ஷெரில் பதறி எழுந்தாள். “மாமா, நீங்க உட்காருங்க. நான் போய் வாங்கிக்கிறேன்.”

“நான் வாங்கினா என்ன? நீ உட்காரு.”

பெரிய மூட்டையாக இருந்தது. ஒட்டியிருந்த சீட்டை மட்டும் பார்த்து, பெரட்டு கூப்பிடுகிற அதே குரலில் படித்துக்கொண்டே வந்தார்.

“பேரு ஷெரில். சரி. போன் நம்பரு? அதுவும் சரி!”

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் மூட்டை மேலேயே இருந்தது. மூட்டையைச் சுற்றியிருந்தது மெல்லிய பிளாஸ்டிக். உள்ளே இருந்த படம் அப்படியே தெரிந்தது.

இருதயமேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “பெரியவங்களுக்குப் போடுற பெம்பர்ஸ் இல்ல இது?”

ஆம்புரோஸ் மூட்டையைச் சட்டென்று நாற்காலியில் போட்டார். மருமகளை இப்படி நாலு பேர் முன்னால் நிறுத்திவிட்டோமே என்று இருந்திருக்கும்.

“யாருக்கும்மா?” விடுவாளா இருதயமேரி!

“எனக்குத்தான் ஆண்ட்டி.” ஷெரில் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். “ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் அடக்க முடியல. இருமினாப் போதும், போச்சு. அதுக்கு என்ன இப்ப?”

“ஐயோ பாவம், இந்த வயசுலயா!”

இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். விவியன் வேறு பக்கம் பார்த்தாள். நாளைக் காலைப் பூசைக்குள் குனோங் ராபாட் முழுக்கத் தெரிந்துவிடும். அது ஷெரிலுக்கும் தெரியும்.

“சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம் லா. செபத்தை ஆரம்பிப்போமா?”

ஆரம்பித்தார்கள். ஆம்புரோஸின் குரல் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு ஷெரில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறை வாசலில் வந்து நின்றாள். ஆம்புரோஸ் கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எல்லாக் கடையிலயும் பொய்ப் பேரு கொடுக்கிறே. இதுக்கு மட்டும் ஏம்மா உன் பேரைக் கொடுத்தே?”

“யாருக்குன்னு எவனாச்சும் கேட்டா, என்னைக் கை காட்டத்தான் மாமா,” என்று சொல்லி, மூட்டையை அவர் அலமாரியில் வைத்தாள். “ஆபரேஷனுக்கு அப்புறம் வாங்கினது உங்களுக்கு இடுப்புல இறுக்குதுன்னீங்கல்ல, இந்தத் தடவை பெரிய சைஸ். நாளைக்குத் தைரியமா நின்னு வாசகம் வாசிங்க.”