வெளியே நின்று போட்ட உள்தாழ்ப்பாள்

ஒரு கம்பெனியின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க மாதம் இருபத்தெட்டாயிரம். பிடித்தம் போக.

அதுவும் நிரந்தரமில்லை. பயிற்சிக்காலம் இன்றோடு முடிகிறது.

உள்ளறை மேசையில் பணி உறுதிக் கடிதம் கிடக்கிறது. சற்று முன்புதான் முதலாளி தர்மராஜ், கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

சரக்கைக் கண்ணில் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவார்.

"அந்த சர்வர் வேலைய முடிச்சிட்டு வாம்மா. போட்டுருவோம்."

இருக்கைக்குத் திரும்பினாள். என்டர் தட்டினாள்.

திரை நின்றது.

இன்னொரு எழுத்தைத் தட்டினாள். விழவில்லை.

அலுவலகம் தூத்துக்குடியில். சர்வர் சென்னையில். யார் யாரோ இணையம் வழியாக வெளியிலிருந்து அதன் வாசல்களைத் தட்டிப் பார்க்கிறார்கள். தேவையில்லாத வாசல்களை அடைப்பதுதான் வேலை.

அவள் எழுதிய முதல் வரி: எல்லா வாசலையும் அடை.

இரண்டாவது வரி: நம் வாசலைத் திற.

முதல் வரி நிறைவேறியது. இரண்டாவது உள்ளே போக வாசல் இல்லை.

வெளியே நின்றுகொண்டு உள்தாழ்ப்பாள் போட்ட கதை. இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர் இல்லை. செய்தேன் என்று சொன்னவரும் இல்லை.

அவள் பதறவில்லை.

இதற்கென்றே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வாசலில் கை வைக்குமுன் சர்வருக்குள் ஒரு காவலாளியை விட்டுவிடுவாள். சின்னக் கட்டளைதான். மூன்றரை மணிக்குள் நான் வந்து உன்னைப் போகச் சொல்லாவிட்டால், எல்லாவற்றையும் பழையபடி திறந்துவிடு.

முதலாளி கூப்பிடுவதற்கு முன்பே விட்டிருந்தாள்.

இப்போது மூன்று இருபது.

பில் போடும் மேசையிலிருந்து முதல் குரல் வந்தது.

"சிஸ்டம் போயிட்டு!"

பிறகு எல்லா மேசையிலிருந்தும்.

தர்மராஜ் வெளியே வந்தார். துறைமுகத்தில் மூன்று கன்டெய்னர் இறால் நிற்கிறது. ஐந்து மணிக்குள் கஸ்டம்ஸுக்குப் பில் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். ஐஸில் இருக்கும் இறால் காத்திருக்கும். வாங்குகிறவன் காத்திருக்க மாட்டான்.

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் சார்."

"அஞ்சு."

"பத்து சார். கொறையாது."

அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். கட்டுப்படியாகாத விலைக்குத் தலையாட்டுகிறவரின் முகம். தலையாட்டினார்.

போகவில்லை. அங்கேயே நின்றார்.

எதிர் நாற்காலியில் ஜெரோம் அண்ணன். அந்த அலுவலகத்தில் முதல் கணினி வந்த நாளிலிருந்து இருப்பவர். அவளுக்குச் சீனியர். அவரும் எதையோ தட்டிப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

மூன்றரை.

திரை அப்படியே இருந்தது.

கடிகாரம் வேகமாக ஓடுகிறதோ என்று கைபேசியைப் பார்த்தாள். அதிலும் மூன்றரை தாண்டியிருந்தது.

உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

தர்மராஜுக்கு ஃபோன் வந்தது. சரக்கை அவரிடம் ஒப்படைத்திருந்த இறால்காரர். சன்னலோரம் போய் நின்று, எல்லாம் ஆச்சுண்ணே என்று சிரித்துப் பேசினார்.

ஜெரோம் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரல் அவள் காதுக்கு மட்டும்.

"ஏம்மா… மூணரைக்குன்னு ஒண்ணு ஓடிக்கிட்டுக் கெடந்துச்சே. நீ உள்ள போயிருந்தப்போ பாத்தேன். பழைய குப்பைன்னு நெனச்சு அழிச்சிட்டேன். அது ஒன்னோடதா?"

அவளுடையதுதான். அந்தக் காவலாளி.

திரும்பி வந்ததும் காவலாளி நிற்கிறானா என்று எட்டிப் பார்த்திருக்கலாம். ஒரு வரி தட்டினால் தெரிந்திருக்கும். கண்ணுக்குள் கடிதம் இருந்தது.

சென்னைக்கு ஃபோன் போட்டாள். சர்வர் இருக்கும் இடத்தில் ஆள் இருக்கிறார். நேரில் போய்த் திறந்துவிடுவார். அரை மணி ஆகும். ஆனால் முதலாளியிடமிருந்து மெயில் வர வேண்டும்.

காரணத்தோடு.

தர்மராஜ் அவள் மேசையிலேயே உட்கார்ந்து தட்டினார்.

"காரணம் என்னன்னு போட?"

"வாசலத் தப்பா அடைச்சிட்டேன் சார். நான்தான்."

அப்படியே தட்டினார். அனுப்பினார். எழுந்திருக்கவில்லை.

"பத்து நிமிஷம்னு கறாரா சொன்னியே. எத நம்பிச் சொன்ன?"

"தானா தெறக்கறதுக்கு ஒண்ணு வச்சிருந்தேன் சார்."

"தெறக்கலையே."

"ஆமா சார்."

"வேற யாரும் அதுல கை வச்சாங்களா?"

ஏசி மட்டும் முனகியது.

அவள் அவசரப்படவில்லை. அது அவள் சொல்ல வேண்டிய பதில் அல்ல. அதற்கு உரியவருக்கு நேரம் கொடுத்தாள். பேரத்தில் முதலில் வாய் திறப்பவருக்குத்தான் நஷ்டம். ஜெரோமுக்கும் அது தெரியும்.

அவர் நாற்காலியைத் தன் மேசைக்கு உருட்டிக்கொண்டு போய் இழுப்பறையைத் திறந்தார். எதையோ தேடினார். நெடுநேரம் தேடினார்.

"அது ஓடுதான்னு நான் சரிபாக்கல சார்" என்றாள்.

அதுவும் உண்மைதான். பாதி.

சென்னைக்காரர் சொன்ன அரை மணி முக்கால் மணியானது. திரையில் எழுத்து விழுந்தது. ஐந்தடிக்கச் சற்று முன் பில் போனது. இறால் கப்பல் ஏறியது.

தர்மராஜ் உள்ளே போனார். கடிதத்தை இரண்டாக மடிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

"இன்னும் ஒரு மூணு மாசம் போகட்டும்மா."

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் ஜெரோம் டீ வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தார். கூடவே காகிதத்தில் இரண்டு பஜ்ஜி. அவர் யாருக்கும் வாங்கிக் கொடுத்து அந்த அலுவலகம் பார்த்ததில்லை.

வைத்துவிட்டு நின்றார். தொண்டையைச் செருமினார். வாய் திறந்தார்.

"சீனி போதுமா?"

"போதும்ண்ணே."

தவறு இருவருடையது. அபராதம் கட்டியது ஒருத்தி.

டீயும் பஜ்ஜியும் வட்டிக்குச் சரி. அசல், அவர் முதலாளியிடம் சொல்லாத ஒரே ஒரு வாக்கியம்.

பாக்கி.