கடல் தெரியாத ஊர்

"ரெண்டே நாளு சார். செலவு கையக் கடிக்கக் கூடாது. கடல் மட்டும் கண்ணுல படக் கூடாது," என்றான் காரைக்கால்மேட்டு மீனவன் கலைவாணன்.

டிராவல்ஸ் முதலாளி ஞானப்பிரகாசம் ஒருமுறை பாரீசுக்குப் போய் வந்தவர். அதைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்.

"கடல் இல்லாம ஹனிமூனா? பாரீஸ்காரனே கடலத் தேடித்தான் போறான் தம்பி. பாண்டிச்சேரில ஜன்னலத் தொறந்தா அலை. சுனாமிக்கு அப்புறம் வாடகையும் பாதிதான்."

"வேணாங்க," என்றாள் தீபா. புருஷனிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"சென்னை?"

"அங்கயும் கடல்தானே?"

"அப்ப மதுரைதான். வெயில்ல வெந்துருவீங்க."

இருவரும் உடனே தலையாட்டினார்கள்.

ஞானப்பிரகாசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுனாமி வந்து ரெண்டு வருஷமாச்சு. மீன் புடிக்கிறவனே கடலுக்குப் பயந்தா எப்படிப்பா?"

"பயமா? இன்னைக்கும் கடலுக்குப் போயிட்டுத்தான் சார் வர்றேன்." கலைவாணன் தரையைப் பார்த்தான். "எங்களுக்கு இது ரெண்டாம் கல்யாணம். என் மொத பொண்டாட்டியும் இவ மொத புருஷனும் இன்னும் கரைக்கு வரல, அங்கதான் இருக்காங்க. ஊர்ல பேசி எங்கள சேத்து வச்சு மூணு மாசமாச்சு. வீட்டுக்குள்ளயும் அலைச்சத்தம் கேக்குது. அவங்க இருக்கிற எடத்துல எப்படி சார்..."

ஞானப்பிரகாசம் மதுரைக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்தார்.

இருவரும் தெருவில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நடுவே இன்னும் இரண்டு பேர் நடக்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் போனார்கள்.